ஒப்படைத்த பிறகும் அதே ஊரில் இருக்கப்போகும் மிஷனரி: என்ன செய்ய வேண்டும், எதை விட வேண்டும்?

கேள்வி இதுதான். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தமிழ்ச் சபை. வெளிநாட்டிலிருந்து வந்த மிஷனரி தம்பதி 19 ஆண்டுகளாக அதை நடத்தி வந்திருக்கிறார்கள். இன்னும் பதினெட்டு மாதத்தில், அடுத்த ஆண்டு, தலைமையை உள்ளூர்ப் போதகர் ஒருவரிடம் கொடுக்கப்போகிறார்கள். ஆனால் நாடு திரும்பவில்லை, கொழும்பிலேயே தங்கி உதவ விரும்புகிறார்கள். "ஒப்படைப்பை எப்படி நடத்துவது? பிறகு ஐயாவும் அம்மாவும் சபையில் என்னவாக இருப்பார்கள்?" என்று நிர்வாகக் குழுச் செயலாளர் கேட்டிருக்கிறார்.

மிஷனரி விமானம் ஏறிவிட்டால் பாதி வேலை தானாக முடிந்துவிடும். அதே ஊரில், அதே தொலைபேசி இலக்கத்தோடு இருக்கப்போகிறார் என்றால் வேலை இரட்டிப்பு. கைகளை வைத்து ஜெபிக்கும் ஆராதனை அவசியம்தான். ஆனால் பொறுப்பு உண்மையில் கைமாறும் இடங்கள் காசோலைப் புத்தகமும், சாவிக் கொத்தும், இரவு ஒன்பதரைக்கு வரும் தொலைபேசி அழைப்பும். இவை மாறாத வரைக்கும் பிரசங்க பீடத்தில் யார் நின்றாலும் சபை பழையவரிடமே இருக்கும்.

இது இலங்கைக்குப் புதிய காரியமும் இல்லை. மிஷன் என்பது கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்றது, சபை எழும்பியதும் சாரத்தைக் கழற்ற வேண்டும் என்ற எண்ணத்தை 1841 முதல் இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராக இருந்த ஹென்றி வென் வலியுறுத்தினார். தன்னைத் தானே தாங்கும், தன்னைத் தானே ஆளும், தன்னைத் தானே பரப்பும் சபை என்பதே அவர் வைத்த இலக்கு. இங்கே அதற்கு எடுத்த காலத்தைப் பாருங்கள். மெதடிஸ்த மிஷனரிகள் வந்திறங்கியது 1814இல், இலங்கை மெதடிஸ்த திருச்சபை தன்னாட்சி பெற்றது 1964இல். அங்கிலிக்கன் சபையின் கொழும்பு மறைமாவட்டத்துக்கு முதல் ஆயர் 1845இல் வந்தார், அந்த ஆசனத்தில் இந்நாட்டவரான ஹரல்ட் டி சொய்சா அமர்ந்தது 1964இல். கத்தோலிக்கருக்கு தோமஸ் கூரே 1947இல் கொழும்பின் முதல் உள்நாட்டுப் பேராயரானார். பெரிய திருச்சபைகளுக்கு ஒரு நூற்றாண்டும் அதற்கு மேலும் பிடித்த காரியத்தை உங்கள் சபை பதினெட்டு மாதத்தில் செய்யப் பார்க்கிறது. செய்யலாம். ஆனால் பதினெட்டு மாதமும் உண்மையாகவே அதற்குப் போக வேண்டும்.

அந்தக் காலத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் ஆறு மாதம் குழுக் கூட்டத்துக்கு மிஷனரி தலைமை தாங்க, புதியவர் பக்கத்தில் இருந்து எல்லாக் கடிதங்களையும் கணக்குகளையும் பார்க்கட்டும். அடுத்த ஆறு மாதம் புதியவர் தலைமை தாங்கட்டும். மிஷனரி மேசையில் இருக்கலாம், கேட்டால் மட்டும் பேசலாம். கடைசி ஆறு மாதம் மிஷனரி கூட்டத்துக்கே வரக்கூடாது. கூட்டறிக்கை மட்டும் பிறகு அவருக்குப் போகட்டும். மூன்றாம் கட்டத்தைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அதனால் ஒப்படைப்பு ஆராதனைக்கு அடுத்த கூட்டத்தில்தான் முதன்முறையாக அந்த நாற்காலி வெறுமையாகிறது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், புதியவர் பேசுவது காதில் ஏறாது. ஒப்படைக்கும் நாளை நத்தார் காலத்திலோ உயிர்த்த ஞாயிறை ஒட்டியோ வைக்க வேண்டாம். வேலை குவிந்திருக்கும் மாதங்களில் பழைய கையே பழக்கத்தில் நீண்டுவிடும். ஆடி, ஆவணி நல்லது.

பணத்தில் எல்லோரும் தவறும் ஓர் இடம் உண்டு. மிஷனரிக்குச் சம்பளம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அவருடைய வீட்டு வாடகை, வாகனம், பிள்ளைகளின் படிப்பு எதுவும் சபைக் கணக்கில் ஏறியதே இல்லை. அதாவது 19 ஆண்டுகளாக இந்தச் சபை ஒரு தலைவரைத் தாங்கிப் பழகவில்லை. புதியவர் வந்ததும்தான் உண்மையான செலவு கண்ணுக்குத் தெரியும். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 120,000 ரூபாய், வீட்டு வாடகைக்கு 70,000, போக்குவரத்துக்கு 20,000. அவரை முறையான ஊழியராகப் பதிந்தால் சேமலாப நிதிக்கு சபையின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், ஆக 18,000. மொத்தம் 228,000. ஞாயிறு காணிக்கையும் தசமபாகமும் சேர்ந்து மாதம் 160,000 தான் வருகிறது, மண்டப வாடகையும் மின்கட்டணமும் அதிலிருந்தே போக வேண்டும் என்றால், முதல் மாதமே புதியவர் "காசு கேட்கிற பாஸ்டர்" ஆகிவிடுவார். "ஐயா ஒருநாளும் காசு கேட்டதில்லையே" என்று சனம் கதைக்கத் தொடங்கும். ஐயா கேட்காததற்குக் காரணம் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே ஒப்படைப்புக்கு ஓராண்டு முன்பே மிஷனரி தானே சபையின் முன் நின்று, தனக்கு மாதம் எவ்வளவு செலவானது, அது எங்கிருந்து வந்தது என்று இலக்கத்தோடு சொல்ல வேண்டும். புதியவர் அதைச் சொன்னால் முறைப்பாடாகக் கேட்கும். மிஷனரி சொன்னால் சாட்சியாகக் கேட்கும்.

வெளிநாட்டு உதவியை ஒரே நாளில் வெட்டவும் வேண்டாம், காலவரையின்றி நீட்டவும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடக்கத் தொகையின் 20 வீதத்தைக் குறைத்தால் முப்பதாவது மாதத்தில் அது பூச்சியமாகும். எந்த மாதம் எவ்வளவு என்பதை எழுதி, ஆதரவாளர்களுக்கும் குழுவுக்கும் ஒரே தாளைக் கொடுங்கள். குறைந்துவரும் அந்தப் பணத்தைப் போதகரின் சம்பளத்துக்குத் தொடவே கூடாது. சம்பளம் முழுக்க உள்ளூர்க் காணிக்கையிலிருந்து போகட்டும். வெளிப்பணம் மண்டப வாடகைக்கும் பயிற்சிக்கும் தளபாடத்துக்கும் போகட்டும். வெளிப்பணம் தாமதித்தால் தளபாடம் காத்திருக்கும், போதகரின் பிள்ளைகள் காத்திருக்க முடியாது.

அந்தப் பணம் மிஷனரியின் சொந்த வங்கிக் கணக்குக்கு வந்து, அவர் எடுத்துச் சபைக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் முதல் மாதமே நிறுத்துங்கள். நேராகச் சபைக் கணக்குக்கு வர வேண்டும். கையொப்பமிட மூவர், அவர்களில் எவராவது இருவர் என்று குழுத் தீர்மானம் எடுத்து, அதன் பிரதியோடு வங்கியில் புதிய மாதிரிக் கையொப்பங்களைக் கொடுங்கள். மிஷனரியின் பெயர் அந்த மூவரில் இருக்கக்கூடாது, "அவசரத்துக்கு" என்று கூட. அவர் ஊருக்குப் போன நேரங்களில் உதவட்டும் என்று கையொப்பமிட்டு வைத்த வெற்றுக் காசோலைகள் அலுமாரியில் இருந்தால், எண்ணிப் பார்த்து, இலக்கத்தைக் குறித்து, இரத்துச் செய்யுங்கள்.

சட்டப் பக்கத்தில் முதலில் சபையின் அடையாளம் எதுவென்று பாருங்கள். சில சபைகள் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டவை. சில 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் மட்டுப்படுத்தப்பட்ட கம்பனிகள். சில வெறும் நம்பிக்கைப் பொறுப்புகள். கம்பனியாக இருந்தால் பணிப்பாளர் மாற்றத்தைக் கம்பனிப் பதிவாளருக்கு அறிவித்தே ஆக வேண்டும். பிரியாவிடைப் புகைப்படம் போதாது.

காணி இதைவிடச் சிக்கலானது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்றுவதைத் தடுக்கிறது. இதனால் பல இடங்களில் காணி ஒரு நம்பிக்கையான விசுவாசியின் தனிப் பெயரில் வாங்கப்பட்டிருக்கும். அவர் உயிரோடும் நல்ல மனத்தோடும் இருக்கும் வரை பிரச்சினை தெரியாது. அவர் கண்மூடினால் காணி உறுதியின்படி அது அவருடைய பிள்ளைகளின் சொத்து. பிள்ளைகள் கனடாவில் இருந்தால் எந்த வாதமும் எடுபடாது. மிஷனரியும் அந்த விசுவாசியும் நல்ல உறவில் இருக்கும் இப்போதே நொத்தாரிசு முன் சபையின் சட்டப்பூர்வப் பெயருக்கு உறுதி எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். செலவு வரும். பிறகு வரும் வழக்கோடு ஒப்பிட்டால் அது சிறியது. அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) ஒன்றை வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கொடுத்தவர் இறந்தால் அது பயனற்றுப் போகும்.

சிறிய பொருட்களும் உண்டு. சபையின் தொலைபேசி சிம் மிஷனரியின் கடவுச்சீட்டில் எடுக்கப்பட்டிருக்கும். மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் யார் பெயரில்? வாகனப் பதிவுப் புத்தகமும் காப்புறுதியும்? வட்ஸ்அப் குழு, பேஸ்புக் பக்கம், சூம் கணக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் மின்னஞ்சலின் கடவுச்சொல்? ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் எந்த அலுமாரியில்? ஒரு மாலையை ஒதுக்கி எழுதி முடிக்கலாம்.

இவற்றோடு மிஷனரியின் தலைக்குள் மட்டும் இருக்கும் ஒரு பட்டியலும் வெளியே வர வேண்டும். அவர் வாயால் கொடுத்த வாக்குகள். "உங்கட மகன் உயர்தரம் முடிக்கும் வரைக்கும் ரியூசன் காசு தாறன்", "அடுத்த முறை வேத வாசிப்பை உங்களுக்குத் தாறன்", "அந்தக் கடனை இப்ப யோசிக்க வேண்டாம்" என்று 19 ஆண்டுகளில் சொன்னவை ஏராளமாக இருக்கும். ஒவ்வொன்றையும் எழுதி, எதை மிஷனரி தன் கையாலேயே முடிக்கப்போகிறார், எதைச் சபை ஏற்கிறது, எது முடியாது என்று பிரியுங்கள். முடியாததை மிஷனரியே போய்ச் சொல்ல வேண்டும். புதியவர் சொன்னால் வாக்குத் தவறியவர் அவராகிவிடுவார். பாவ அறிக்கையாகச் சொல்லப்பட்ட எதுவும் இந்தப் பட்டியலில் வரக்கூடாது. அவை மிஷனரியோடு போக வேண்டியவை.

கொழும்புக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே தமிழ்ச் சபை என்றால் யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலையகத்தார், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், வீட்டில் சிங்களம் பேசும் மருமக்கள் எல்லோரும் ஒரே வாங்கில் இருப்பார்கள். வெளிநாட்டு மிஷனரி யாருடைய ஆளும் இல்லை என்பதால் இத்தனை நாள் சமநிலை தானாக இருந்தது. உள்ளூர்ப் போதகர் பொறுப்பேற்றதும் "அவர் எந்தப் பக்கத்து ஆள்?" என்ற கேள்வி எழும். சாதியைப் பற்றிய கேள்வியும் வாய்விட்டுக் கேட்கப்படாமல் கூடவே வரும். இது வராது என்று நடிப்பதைவிட, குழுவின் அமைப்பை ஒப்படைப்புக்கு முன்பே சரிசெய்வது நல்லது. பொருளாளரும் செயலாளரும் போதகரின் ஊரவராகவோ உறவினராகவோ இருக்க வேண்டாம். பதவிக்காலத்தை மூன்று ஆண்டு என்று எழுதிவிடுங்கள். மனஸ்தாபம் வந்தால் முறையிட வெளியே ஒருவரை, வேறு திருச்சபையின் மூத்த போதகர் ஒருவரை, முன்கூட்டியே பெயர் குறித்து வையுங்கள். அந்த இடத்தில் மிஷனரியை வைக்கவே வேண்டாம். வைத்தால் புதியவரின் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றம் திறந்துவிடும்.

ஆங்கிலம் நன்றாக எழுதுவார், ஆதரவாளர்களுக்கு அறிக்கை அனுப்புவார் என்பதற்காக ஒருவரைத் தெரிவுசெய்வதும் அடிக்கடி நடக்கும் தவறு. அறிக்கையை மொழிபெயர்க்க ஆள் கிடைக்கும். மரண வீட்டில் இரவு முழுக்க இருக்கக்கூடியவர் கிடைப்பது அரிது.

அம்மாவின் ஒப்படைப்பு அநேகமாக மறந்தே போகிறது. மிஷனரியின் மனைவிதான் பெண்கள் ஐக்கியத்தையும் ஞாயிறு பாடசாலையையும் நடத்தியிருப்பார், எந்தப் பிள்ளைக்கு வீட்டில் அடி விழுகிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். அவருக்குப் பதவிப் பெயர் இல்லாததால் ஒப்படைக்க எதுவும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். புதிய போதகரின் மனைவி வங்கியிலோ பாடசாலையிலோ வேலை செய்பவராக இருந்தால், அந்த வேலை முழுதும் அவர் தலையில் விழும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பெண்கள் ஐக்கியத்துக்கு ஒருவர், ஞாயிறு பாடசாலைக்கு இன்னொருவர் என்று பொறுப்பைப் பிரித்து, அவர்களுக்கும் அதே பதினெட்டு மாதத்தைக் கொடுங்கள்.

இனி ஒப்படைத்த பிறகு. முதல் மூன்று மாதம் மிஷனரி தம்பதி கொழும்பில் இல்லாமல் இருப்பது மிகவும் நல்லது. விடுமுறைக்கு ஊருக்குப் போகலாம், மொழி கற்கலாம், மலையகத்தில் வேறு ஊழியத்துக்கு உதவலாம். திரும்பி வந்ததும் அடுத்த ஆறு மாதம் வேறு சபையில் ஆராதிக்கட்டும், தெஹிவளையிலோ கொட்டாஞ்சேனையிலோ. கோபித்துக்கொண்டு போனார் என்று சனம் நினைக்காதபடி, இதைப் புதிய போதகரே ஒப்படைப்பு ஆராதனையில் அறிவிக்க வேண்டும்.

தொலைபேசி அழைப்புக்கு வருவோம், ஏனென்றால் புதிய பங்கு அங்கேதான் உருவாகும், அல்லது உடையும். ஒரு தாய் எடுக்கிறார்: "ஐயா, மகளுக்கு ஒரு இடம் வந்திருக்கு. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கோ." ஐயா கேட்க வேண்டியது: "பாஸ்டரோட கதைச்சீங்களா?" "இல்லை ஐயா, உங்களிட்டத்தான் முதல்ல." "சரி அம்மா, இப்ப உங்களோட ஜெபிக்கிறன். இடத்தைப் பற்றி நாளைக்குப் பாஸ்டரோட கதையுங்கோ." அவ்வளவுதான். கருத்துச் சொல்லக்கூடாது. "நான் பாஸ்டரிட்டச் சொல்லி வைக்கிறன்" என்றும் சொல்லக்கூடாது. அன்பாகத் தோன்றும் அந்த வாக்கியம்தான் அதிகம் கெடுக்கிறது. அது மிஷனரியை இடைத்தரகராக்கும், அடுத்த முறையும் அவருக்கே அழைப்பு வரும். அழைப்பு முடிந்ததும், விடயத்தை விவரிக்காமல், "இன்னார் எடுத்தார், உங்களிடம் வரச் சொல்லியிருக்கிறேன்" என்று போதகருக்கு ஒரு வரி அனுப்பினால் போதும். இந்தத் தாய்க்கு முதலில் மனம் நோகும். ஜெபித்தது உண்மையான ஜெபமாக இருந்தால் அந்த நோவு நிலைக்காது.

திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் "ஐயாதான் வந்து நடத்த வேண்டும்" என்பார்கள். நடத்துவது புதியவர். அவர் அழைத்தால் மிஷனரி ஒரு ஜெபம் செய்யலாம். பிரசங்கம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம், அதுவும் அழைப்பின் பேரில். புதியவர் ஆராதனை நேரத்தை மாற்றுவார், பாடல்களை மாற்றுவார், மிஷனரி தன் கையால் நட்ட மாமரத்தைக்கூட வாகனத் தரிப்பிடத்துக்காகத் தறிப்பார். வலிக்கும். அந்த வலி குற்றமில்லை, அதை ஒளிக்கவும் தேவையில்லை. தம்பதி ஒருவருக்கொருவரும், சபைக்கு வெளியே உள்ள ஆலோசகரிடமும் சொல்லி அழலாம். சபையாரிடம் ஒரு பெருமூச்சுக்கூட விடக்கூடாது. வாய் திறக்க வேண்டிய காரியங்கள் மூன்றே: விசுவாசத்தின் அடிப்படையைக் குலைக்கும் போதனை, பண மோசடி, பிள்ளைக்கோ பெண்ணுக்கோ நேரும் தீங்கு. முதல் இரண்டிலும் முதலில் போதகரிடம் தனியாக, பிறகு குழுவிடம். மூன்றாவதில் காத்திருக்கவே வேண்டாம். பிள்ளை என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

ஆதரவாளர்களுக்கு எழுதும் கடிதத்தில் "என் சபை", "என் போதகர்" என்ற சொற்கள் அன்றோடு நிற்க வேண்டும். முதல் ஆண்டு கடிதத்தை இருவரும் சேர்ந்து எழுதலாம், இரண்டாம் ஆண்டு புதியவர் மட்டும்.

விசா விடயத்தில் உறவின் புதிய வடிவம் காகிதத்திலேயே தெரியும். வதிவிட விசாவைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க, அனுசரணை வழங்கும் சபையின் கடிதம் வேண்டும். இதுவரை அந்தக் கடிதத்தைச் சபையின் தலைவராக இருந்த மிஷனரியே தயாரித்திருப்பார். இனி அதில் கையொப்பமிடுவது புதிய போதகர். கடிதத்தில் பழைய பதவியே இருந்தால் அது பொய்யாகும். ஆகவே புதிய பதவி எதுவென்று முதலில் முடிவுசெய்து, ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: யாருக்குப் பதில் சொல்கிறார், வாரத்தில் எத்தனை நாள், எந்தக் கூட்டங்களுக்கு வருவார், எவற்றுக்கு வரமாட்டார், எத்தனை மாதத்துக்கு. வேத பாட ஆசிரியர், இளம் ஊழியருக்குப் பயிற்சியளிப்பவர், மொழிபெயர்ப்பாளர் போன்ற வேலைகள் பொருந்தும். 1963இல் தொடங்கிய பிலிமத்தலாவை இலங்கை இறையியல் கல்லூரி போன்ற இடங்களுக்கு சபையிலிருந்து இருவரை அனுப்பி, அவர்களுக்கு வாசிப்புத் துணையாக இருப்பதும் நல்ல வேலை. "ஆலோசகர்" என்று மட்டும் எழுத வேண்டாம். எல்லாவற்றிலும் தலையிட அந்தச் சொல் இடம் கொடுக்கும்.

ஓராண்டு ஒரு கொப்பியில் மிஷனரி அழைப்புகளைக் குறிக்கட்டும்: திகதி, என்ன வகை, யாரிடம் அனுப்பினார். பெயரும் விவரமும் வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை போதகரோடு தேநீர் குடிக்கும்போது எண்ணிக்கையை மட்டும் பார்க்கலாம். ஆறாம் மாதத்திலும் எண்ணிக்கை குறையவில்லை என்றால் சபையாரைக் குறை சொல்லாமல், எந்த அழைப்புகளுக்கு ஐயா இன்னும் பதில் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். பன்னிரண்டாம் மாதம் குழு கூடி, அந்த ஒரு பக்கக் கடிதத்தை எடுத்து, அடுத்த ஆண்டுக்கு என்ன மாற வேண்டும் என்று முடிவெடுக்கட்டும். மிஷனரி அன்று வெளியே காத்திருக்கலாம்.